மூன்றாவது மாடி மேடத்தின் கல்வாழைத் தொட்டி

எங்கள் அடுக்ககத்துக்கு நான்தான் செயலாளர். பெருமைக்காகச் சொல்லவில்லை, யாராவது ஐயோ பாவம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன். தண்ணீர் லாரி வரவில்லை என்றால் செயலாளர். லிப்ட் நடுவில் நின்றுவிட்டால் செயலாளர். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டு ஹாலில் ஒழுகினால் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள், இருவரும் என்னிடம் பேசுவார்கள். தேனாம்பேட்டையில் ஆபீஸ் வேலை, மந்தைவெளியில் வீட்டு வேலை, இது மூன்றாவது. வீட்டு வேலைக்கும் சம்பளம் கிடையாதுதான், ஆனால் அங்கே யாரும் வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் கேட்பதில்லை. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் "வேற யாராவது வரலாமே" என்பேன். சரியாக அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் போனில் ஏதோ அவசரம் வந்துவிடும்.

இத்தனை வருடங்களில் என்னிடம் ஒரு புகார்கூடச் சொல்லாதவர் மூன்றாவது மாடி மேடம் ஒருவர்தான். வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருந்துகொண்டார், நாளாகிவிட்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயர் எங்கேயும் வருவது அவருக்குப் பிடிக்காது. கீழே வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையில்கூட அவர் வீட்டு எண்ணுக்கு எதிரே வெறும் இடம்தான் இருந்தது.

சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளைப் பராமரிக்கும் பிரிவுக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறையில் தங்கியிருப்பவர் வெளியே போய்த் திரும்புவதற்குள் படுக்கை விரித்திருக்க வேண்டும், குளியலறை காய்ந்திருக்க வேண்டும், ஆனால் துடைப்பத்தோடு ஒரு ஆள் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அங்கே எல்லோருக்கும் அதையே சொல்லிச் சொல்லி அவருக்கு அது சுபாவமாகவே ஆகிவிட்டது. "வேலை நடந்திருக்கணும்மா. நடந்தது தெரியக்கூடாது" என்பார். இதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும்.

அவர் வீட்டுக்குப் போனால் காபி வரும். பால் பொங்கிய வாசனை வராது, டம்ளர் சத்தம் கேட்காது, பேசிக்கொண்டே உள்ளே போய் வந்தாரா என்பதுகூட நினைவிருக்காது, காபி மட்டும் கையில் இருக்கும். கேஸ் சிலிண்டருக்குப் பூப்போட்ட உறை. மின்பெட்டிக்கு முன்னால் பரலோகம் நோக்கிப் பார்க்கும் மாதாவின் படம். காது கேட்கும் கருவி முடிக்குள்ளே. வயதான பெண்மணி ஒருத்தி அந்த வீட்டில் தனியாகத் துணி துவைக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், மருந்து சாப்பிடுகிறாள் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. கட்டடத்தில் எல்லோர் பால்கனியிலும் துணி தொங்கும், அவர் பால்கனியில் மட்டும் செடி தொங்கும்.

ஒரு மழைக்காலத்தில் லிப்ட் பல நாள் ஓடவில்லை. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள். மேடம் படியேறி வருவதை அப்போது கவனித்தேன். ஒவ்வொரு தளத்திலும் நின்று, யார் வீட்டு வாசலிலாவது இருக்கும் கோலத்தை உற்றுப் பார்ப்பார். "எவ்ளோ அழகா சுழிச்சிருக்காங்க பாரு" என்பார். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கோலமே வராது, ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டியிருந்தாள். மேடத்துக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். அது யாருக்கும் தெரியாமல் இருக்க அவர் ஒட்டுக் கோலத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

என் மாமியார் இறந்த அன்று வீடு நிறைய ஜனம். யார் யாரோ வந்தார்கள், காபி கேட்டார்கள், அழுதார்கள், மறுபடி காபி கேட்டார்கள். எல்லாம் முடிந்து மத்தியானம் சமையலறைக்குள் போனபோது ஒரு எச்சில் டம்ளர்கூட இல்லை. மேடை துடைத்திருந்தது. என் நாத்தனார் செய்திருப்பாள் என்று நினைத்தேன், அவள் நான் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். பல மாதம் கழித்து வேலைக்கார அம்மா சொல்லித்தான் தெரியும். மேடத்திடம் போய்க் கேட்டேன். "அப்படியா? எனக்கு ஞாபகமில்லையே" என்றார். நான் அவர் முன்னாலேயே அழுதேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும், எரிச்சலாகவும் வரும். ஒரு ஆள் தனக்காக எதையுமே கேட்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்யும்.

இனி, மேடம் வாசலில் வைத்த மீன் தொட்டிக்கு வருகிறேன்.

எங்கள் வாசலில் கட்டடக்காரர் ஒரு நீரூற்று கட்டிக் கொடுத்திருந்தார். நீல நிற ஓடு, நடுவில் சிமெண்ட் அன்னம். அன்னத்தின் கழுத்து குடிவந்த வருடமே உடைந்துபோனது. பிறகு அது கொசு வளர்க்கும் தொட்டியானது. டெங்கு காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வந்து எட்டிப் பார்த்து என்னை முறைத்துவிட்டுப் போவார்கள். மூடிவிட்டு இருசக்கர வண்டிகள் நிறுத்தலாம் என்று தரைத்தள வீட்டுக்காரர் அப்போதே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் தலைக்கு ஒரு வண்டி.

"மீன் விட்டா கொசு முட்டையெல்லாம் தின்னுடும். நான் பாத்துக்கறேன்மா" என்றார் மேடம். கொளத்தூர் மீன் கடைக்குப் போய்க் கோய் மீன்கள் வாங்கி வந்தார். கெண்டை ஜாதிதான், ஆனால் வெள்ளையும் ஆரஞ்சும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அழகாக இருக்கும், ஏகமாகத் தின்னும், ஏகமாகக் கழியும். அந்தக் கழிவைச் சுத்தம் செய்யக் கடைக்காரன் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டிரம் கொடுத்திருந்தான். உள்ளே பஞ்சும் உருண்டைகளும், வெளியே குழாய்கள். அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்த அன்று வாட்ஸ்அப்பில் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். 'வாசலில் தார் டிரம் எதற்கு?' என்று ஒருவர். 'இது ரெசிடென்ஷியலா, வொர்க்‌ஷாப்பா?' என்று இன்னொருவர்.

மேடம் எதற்கும் பதில் எழுதவில்லை. டிரம்மை எடுத்துவிட்டு, தொட்டியை ஒட்டி, அதைவிடச் சற்று உயரமாக, இன்னொரு நீளத் தொட்டி கட்டவைத்தார். அடியில் ஓட்டை போட்ட குழாய்கள், அதன்மேல் பெரிய கல், அதன்மேல் சின்னக் கூழாங்கல். கல்லுக்குள் செடிகள்: சிவப்புக் கல்வாழை, சேம்பு, குடை மாதிரி விரியும் கோரை, ஓரத்தில் வல்லாரை. மீன் தொட்டியின் அழுக்குத் தண்ணீரை மோட்டார் அந்தக் கல்லுக்கு அடியில் கொண்டுவிடும். தண்ணீர் கல்லிடுக்கிலும் வேரிலும் ஊறி மேலே வந்து, ஒரு சாய்ந்த கடப்பைக் கல் வழியாகச் சிறு அருவியாக மீன்களிடமே திரும்பிப் போகும். மோட்டாருக்கு மேலே கவிழ்த்த மண்பானை. ஒரு குழாய், ஒரு ஒயர் கண்ணில் படாது.

கல்லில் நல்ல கிருமிகள் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு விளக்கினார். மீன் கழிவில் இருக்கும் நஞ்சை அவை தின்று செடிக்கு உரமாக்கிக் கொடுக்கும், செடி அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கிருமிகள் பெருக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீன்களை அவர் தன் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் வைத்துக்கொண்டு வாளியில் குளித்தார் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது.

கல்வாழை பூத்ததும் எல்லோரும் வாசலில் நின்று செல்பி எடுக்க ஆரம்பித்தார்கள். "தோட்டம் பிரமாதம் மேடம்" என்றார்கள். ஒருவருக்கும் அது தோட்டமில்லை, மீன்களின் சாக்கடையைச் சுத்தம் செய்யும் இடம் என்று தெரியாது. ஒரு சின்னப் பலகை வைக்கலாமே என்றேன். "எதுக்கும்மா? அழகா இருக்கில்ல, அது போதும்" என்றுவிட்டார்.

அந்தத் தொட்டியால் இன்னொன்றும் நடந்தது. முதல் மாடியில் ஒரு மாமா இருந்தார். மனைவி போன பிறகு கீழேயே இறங்காதவர். மகள் வெளிநாட்டில். கதவுக்கு வெளியே பால் பாக்கெட் வெயில் ஏறும்வரை கிடக்கும், வாட்ச்மேன் போய்த் தட்டிப் பார்ப்பார். மீன் வந்த பிறகு, ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தவர், மறுநாளும் வந்தார். பிறகு காலைத் தீனி போடும் வேலையை மேடம் அவரிடம் விட்டுவிட்டார். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடும். எல்லா மீனையும் முந்திக்கொண்டு வந்து தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் ஒரு ஆரஞ்சு மீனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். "அவன் கோச்சுண்டு போயிட்டான் பாருங்கோ" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்வார்.

ஆயுத பூஜைக்குக் கட்டடத்து இயந்திரங்களை எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்போம். லிப்ட் மோட்டார், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், வாட்ச்மேனின் சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அந்த வருடம் மேடம், தம்பி வீட்டில் ஞானஸ்நானம் என்று புதுச்சேரி போயிருந்தார். நான் ஆபீஸ் பூஜையில் இருந்தேன். மாமாவுக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியிருக்கிறது.

விஜயதசமி அன்று சாயங்காலம் மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். நானும் அப்போது வாசலில்தான் இருந்தேன். மண்பானைக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. கல்வாழைத் தொட்டியின் நான்கு பக்கமும் சந்தனப் பொட்டு. பாசியும் சேறுமாகக் கறுத்திருந்த கூழாங்கற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"லிப்டுக்கு உண்டு, ஜெனரேட்டருக்கு உண்டு, உங்க மீன் மோட்டாருக்கு மட்டும் கிடையாதா? நீங்க சர்ச்சுக்குப் போறவா, பூஜை பண்ணமாட்டேள். அதான் உங்க சார்பா நானே பண்ணிட்டேன். கல்லெல்லாம் ஒரே வழவழன்னு அழுக்கு மேடம்! எல்லாத்தையும் வெளியில எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, குழாயைப் பிடிச்சுண்டு தேச்சுத் தேச்சு அலம்பினேன். கை பாருங்கோ, வெந்துபோயிடுத்து."

கையைக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது.

வாட்ச்மேன் குறுக்கே வந்தார். "நான் வர்றேன்னு சொன்னாலும் சாரு உடல மேடம். ஒத்த ஆளா உக்காந்துகினு காலைலேந்து தேய்ச்சுகினு இருந்தாரு. சோறுகூடத் துன்னல."

மேடம் தொட்டியைப் பார்த்தார். கையிலிருந்த பையை மெதுவாகத் தரையில் வைத்தார். கல்லில் இருந்த அத்தனை கிருமியும் போய்விட்டது, இனி மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறப்போகின்றன என்று அந்த நொடியில் அவருக்குத் தெரியும். "ரொம்ப அழகா இருக்கு சார்" என்றார். "முதல்ல கைக்கு எண்ணெய் தடவுங்க. எரியும்."

மாமா சந்தோஷமாக மேலே போனார். நான் விஷயம் புரிந்து வாயைத் திறந்தேன். மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சொல்லக்கூடாது."

"மேடம், மீன் எல்லாம் செத்துடும்."

"காப்பாத்தப் பாக்கலாம். அவர்கிட்ட மட்டும் சொல்லக்கூடாது. ஒரு நல்லது பண்ணணும்னு கை வெந்து போற வரைக்கும் தேய்ச்சிருக்காரு. அவரைப் போய் மீனைக் கொன்னவர்னு ஆக்கணுமா?"

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடையாறில் மேடத்துக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பழைய மீன் குளம் இருந்தது. அங்கே போய், குளத்து வடிகட்டியிலிருந்து கழுவாத கல்லை ஈரச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தோம். அந்தக் கல்லில் இருக்கும் கிருமி நம் கல்லுக்கும் பரவும் என்றார். ஆட்டோக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம் மூட்டைல? கருவாடா?"

"அழுக்குப்பா" என்றேன்.

"அழுக்கையா ஆட்டோ வெச்சு எடுத்துகினு போறீங்க?"

மேடம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகு வலித்தது, மறுநாள் ஆபீசுக்குத் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள், வீட்டில் மாவு அரைக்கவில்லை.

தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரை அப்படியே விட்டால் அதிலிருக்கும் குளோரினே மீனைக் கொன்றுவிடும், அதனால் மொட்டைமாடியில் வாளி வாளியாக வைத்து வெயிலில் ஆறப் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். நான் ஆபீஸ் போவதற்கு முன்னால் என்னால் முடிந்த வாளிகளைத் தூக்கினேன். மீதியை அவர் தூக்கினார். யாராவது எதிரே வந்தால் வாளியை வைத்துவிட்டுச் செடியில் காய்ந்த இலை கிள்ளுவார்.

மீனுக்கு இரை போடவே கூடாது, போட்டால் கழிவு கூடும். அதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? "மீனுங்களுக்கு வயிறு சரியில்ல சார், கொஞ்ச நாள் விரதம்" என்றார் மேடம். மாமா தலையாட்டினார். ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. பூஜைக்கு வாங்கிய பொரி மூட்டை வீட்டில் மிச்சம் இருந்திருக்கிறது. பட்டினி கிடக்கிற குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி, மேடம் மாடிக்குப் போகிற நேரம் பார்த்து, மடியில் கட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார். ஒருநாள் காலை தொட்டி முழுக்கப் பொரி மிதந்தது. அவர் மறைத்துப் போட்டதை இவர் மறைத்து அள்ளினார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. விடிந்ததும் முதல் ஆளாக இறங்கி, மிதப்பவற்றை எடுத்து, கல்வாழைக்குப் பின்னால் புதைத்துவிடுவார் மேடம். மாப்பிள்ளையும் போய்விட்டது. "அடியில படுத்திருக்கும் சார்" என்று ஒருநாள் சொன்னார். அதற்கு அடுத்த நாள் மாமா கேட்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பேப்பரைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் மிஞ்சியவை சில மட்டும்தான். அவை பிழைத்துக்கொண்டன, கல்லும் மெல்ல வழவழப்பானது.

பொதுக்குழு வந்தது. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். தரைத்தள வீட்டுக்காரர் எழுந்தார். மீன்தான் செத்துவிட்டதே, தொட்டியை மூடி வண்டி நிறுத்தலாம் என்றார். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். தோட்டத்தில் செல்பி எடுத்தவர்கள்தான். மேடம் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தொட்டி தப்பிக்கும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை கொத்தனார் வந்துவிடுவார்.

மாமா எழுந்தார். அவர் தொட்டிக்காகப் பேசுவார் என்று நம்பினேன். 

"மூடிடுங்கோ. ஜீவனை வளர்க்கறதுன்னா ஆத்தோடயே இருந்து பார்த்துக்கணும். நெனச்சா ஊருக்குக் கிளம்பிட வேண்டியது, அதுகளைப் பட்டினி போட வேண்டியது. பச்சைக் குழந்தைகள் மாதிரி வாயைத் திறந்துண்டு நின்னுது. இப்படிச் சாகறதைப் பார்க்கறதுக்கு மூடறதே மேல்."

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். "சார் சொல்றது சரிதான்" என்றார் மேடம். "நான்தான் சரியா பாத்துக்கல."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வாளி தூக்கிய தோள்பட்டையிலிருந்து வந்திருக்கலாம். "போதும் மேடம்!" என்று கத்திவிட்டேன். "மாமா, அது பட்டினியால சாகல. நீங்க கழுவினீங்களே அந்தக் கல்லு, அதுதான் அதுங்களுக்கு ஃபில்டர். அந்த அழுக்குலதான் அதுங்க உசுரு இருந்துச்சு. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இவங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, மாடியிலேந்து தண்ணி தூக்கித் தூக்கி மிச்ச மீனைக் காப்பாத்தியிருக்காங்க. இவங்களைப் போய்ச் சொல்றீங்களே!"

 தரைத்தள வீட்டுக்காரர் மெல்ல உட்கார்ந்தார். மாமா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படியேறிப் போய்விட்டார். தொட்டியை மூடும் பேச்சு அதோடு நின்றது, இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மேடம் என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்றால் பொய்யில்லை.

"தொட்டி போனா போவுது, வேற எங்கயாவது கட்டிக்கலாம். அவர் இனிமே கீழ வருவாரா?"

"அதுக்காக உங்க மேல பழி போடறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"எனக்கு அது கனமா இல்லம்மா. அவருக்குக் கனமா இருக்கும்."

சொன்னது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. மாமா வரவில்லை. பால் பாக்கெட் மறுபடியும் வெயில் ஏறும்வரை கிடந்தது. ஏதாவது வேலையாக இறங்கினால்கூடப் பின்வாசல் வழியாகப் போய்விட்டு வந்தார். மேடம் மணியடித்துக் கூப்பிட்டுப் பார்த்தார். "கொஞ்சம் தலைவலி" என்று கதவுக்கு உள்ளிருந்தே பதில் வந்தது. கேக் கொடுத்தனுப்பினார், பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. காய்கறிப் பையோடு வாசலுக்கு வருகிறேன், மேடம் கல்வாழைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். மண்பானையை எடுத்துக் கீழே வைத்திருந்தார். மோட்டார் வெளியே, குழாய் வெளியே, ஒயர் வெளியே, தரையெல்லாம் சேறு. அவர் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. அந்தக் கோலத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. முதல் மாடிப் பால்கனியை அண்ணாந்து பார்த்து, அந்த மனுஷியிடம் இருக்கிறது என்று நாங்கள் அறியாத ஒரு குரலில் கூப்பிட்டார்.

"சார்! என்னால முடியல சார்! கொஞ்சம் கீழ எறங்கி வாங்க!"

பால்கனிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. வாட்ச்மேன் ஓடி வந்தார். "நீ இருப்பா" என்று மேடம் அவரைக் கையால் நிறுத்தினார். மறுபடியும் கூப்பிட்டார். "மோட்டார் அடைச்சிக்கிச்சு சார்! எனக்குக் கையில பலம் இல்ல!"

வெகுநேரம் கழித்து மாமா வந்தார். தொட்டிக்கு எட்டவே நின்றார்.

"என் கை படலாமா மேடம்?"

"குழாய்த் தண்ணி மட்டும் வேணாம். மீன் தண்ணியிலயே அலசணும். மோட்டார் வாயில இருக்கற அந்தப் பஞ்சை எடுங்க. ரொம்பப் பிழியாதீங்க, அழுக்கு கொஞ்சம் இருக்கட்டும்."

மாமா குந்தி உட்கார்ந்து, வாளியில் மொண்ட மீன் தண்ணீரில் பஞ்சை மெதுவாக முக்கி எடுத்தார். "இது போறுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். "போதும் சார்" என்றார் மேடம் ஒவ்வொரு தடவையும். மோட்டாரைப் பொருத்தினார்கள். கடப்பைக் கல்லில் தண்ணீர் வழிந்தது. மிச்சமிருந்த மீன்கள் மாமாவின் நிழலைப் பார்த்துக் கரைக்கு வந்து வாயைத் திறந்தன. அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் கார்த்தால வந்து போடறேன்" என்று மீன்களிடமே சொல்லிவிட்டு மேலே போனார்.

பால்கனித் தலைகளும் உள்ளே போயின. நான் கிட்டே போய்க் குனிந்து, "நல்லாத்தான் நடிக்கிறீங்க மேடம்" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பார்ப்பதற்குக் கோலமும் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"நடிக்கலம்மா" என்றார். கையை நீட்டினார்.

ஒரு கையால் முடியவில்லை. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து அவரைத் தூக்கினேன்.